பேஸ் கிட்டாருக்கு முட்டுக்கொடுத்த கதை

அரக்கோணத்தில் ஒரு ரயில்வே ஊழியரிடமிருந்து அந்தப் பழைய பேஸ் கிட்டாரை வாங்கி ஆம்பூருக்குக் கொண்டுவந்தபோது, அதன் கழுத்து வளைந்திருந்தது எனக்குத் தெரியாது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஷூ கம்பெனியில் தோலின் தடிமன் பார்க்கும் வேலை எனக்கு. விரலால் பிடித்தாலே ஒரு மில்லியா, ஒன்றே காலா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் அவ்வளவு நீளக் கட்டை வளைந்திருப்பதைக் கோட்டை விட்டேன்.

எங்கள் சர்ச் கொயரில் பெண்கள் பாடுவார்கள், ஆண்கள் வாசிப்பார்கள். பேஸ் வாசித்தவர் குவைத்துக்குப் போனதும் சண்டை போடாத குறையாகக் கேட்டு வாங்கிய இடம் என்னுடையது. கொயரை நடத்தியவர் பள்ளிக்கூட சார். நல்ல மனிதர், தாளம் தப்பாதவரை. வாராவாரம் "லேட்டா வர்றம்மா" என்பார். "கம்பி ஒசரத்துல இருக்குது சார், அமுத்தறதுக்குள்ள பாட்டு போய்டுது" என்பேன். பொய்யில்லை. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும். போதாக்குறைக்குக் கொரகொரவென்று சத்தம் வேறு.

நவம்பர் கடைசியில் சார் முடிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வாரம் பாக்கறேன். சரி வரலைன்னா கிறிஸ்மஸ் கேரல் சர்வீசுக்கு கீபோர்டுலயே பேஸ் பட்டனப் போட்டுக்கலாம், அதுவே வாசிச்சுக்கும். நீ கீழ்க்குரல் பாடுற பொண்ணுங்களோட ஆல்டோல நின்னு பாடு."

ஒரு பட்டனுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதா? வீடு வரும்வரை எரிச்சல் அடங்கவில்லை. கிட்டாரைச் சரி செய்துவிட்டால் என் இடத்தை யாரும் பறிக்க முடியாது என்று உறுதியாக நம்பினேன்.

எங்கள் கம்பெனியில் தையல் மிஷின் பார்க்கும் மெக்கானிக், ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவி ஒன்றைக் கொடுத்தார். கழுத்துக்குள்ளே ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது, அதன் நுனியை முறுக்கினால் கழுத்து நிமிரும். "ஒரு நாளைக்கு கால் சுத்துதான்க்கா. ஜாஸ்தி முறுக்கினா உள்ள இருக்கறது புட்டுக்கும், அப்புறம் பேஜாரு" என்றார். மூன்று நாள் கால் கால் சுற்றாகத் திருப்பினேன். கழுத்து நிமிர்ந்தது. கம்பி மட்டும் இறங்கவில்லை. கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜையும் அடிமட்டத்துக்கு இறக்கியாகிவிட்டது.

மெக்கானிக் வீட்டுக்கே வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். "கழுத்து உக்கார்ற பள்ளத்துலயே கோணல் இருக்குது. பிரிட்ஜ் பக்கத்து முனைக்கு அடியில மெல்லிசா இன்னாவாச்சும் முட்டு குடு. முனை ஒசந்தா கம்பி இறங்கும்."

மெல்லிசாக என்றதும் எனக்கு வேறென்ன தோன்றும்? சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு நல்ல ஆட்டுத்தோல் துண்டு ஒன்று எடுத்துவந்தேன். முக்கால் மில்லி, வெண்ணெய் மாதிரி வழவழப்பு. கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகையும் கழற்றி, துண்டை வைத்து முடுக்கினேன். கம்பி இறங்கியது. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டே நாளில் கம்பி பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது.

கழற்றிப் பார்த்தால் தோல் அமுங்கிக் காகிதமாகியிருந்தது. காலுக்கு மேலே போர்த்தும் தோலைக் கொண்டுபோய் பாரம் தாங்க வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு, மறுநாள் ஷூவுக்குள்ளே பாதத்துக்கு அடியில் வைக்கிற கெட்டி அட்டையில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். அது அசையவில்லை.

பிறகு பிரிட்ஜ். துருப்பிடித்த திருகுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்தேன். ஆடிக்கொண்டிருந்த ஒன்றை முடுக்கியதும் கொரகொரப்பு நின்றது. மேல் கட்டங்களில் சுருதி ஏறிக் கேட்ட கம்பிகளைப் பிரிட்ஜிலேயே துளித் துளியாகப் பின்னுக்குத் தள்ளிச் சேர்த்தேன். பஞ்சில் அழுத்துவது போல விரல் இறங்கியது. சந்தோஷத்தில் சோறுகூட இறங்கவில்லை.

சார் கொடுத்த கெடுவின் கடைசிப் பயிற்சி. வேகமான பாட்டை முதலில் எடுத்தோம். ஒவ்வொரு சுரமும் மணியாக விழுந்தது. ஒவ்வொன்றும் ஒரு நூல் பிந்தி விழுந்தது. இத்தனை நாள் இரைச்சலில் அமுங்கிக் கிடந்தது இப்போது கடைசி பெஞ்சுவரை சுத்தமாகக் கேட்டது. பாடிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சார் கையை இறக்கினார்.

"இப்பயும் கம்பியாம்மா?"

"இல்ல சார். கிட்டார் சரியாத்தான் இருக்குது. நான்தான் லேட்டு."

அவமானமாக இருந்தது. சார் திட்டவில்லை. பாட்டுத்தாளை எடுத்து, இருந்த ஆறு பாட்டில் மெதுவாகப் போகிற இரண்டுக்கு நேராக என் பேரை எழுதினார். தலையாட்டினேன்.

கேரல் சர்வீசில் அந்த இரண்டையும் தப்பில்லாமல் வாசித்தேன். மற்ற நான்கிலும் ஆல்டோ வரிசையில் நின்று பாடினேன். பட்டன் ஒரு இடத்தில்கூடப் பிந்தவில்லை.