அம்மாவின் பொட்டும் ஒரு பழைய பாட்டும்

பத்து வயதில் எனக்கிருந்த பெரிய கவலை அம்மாவின் நெற்றிப் பொட்டுத்தான். சின்னதாக வைத்தாலும் பரவாயில்லை. நாங்கள் குடியேறியிருந்த ஆங்கில ஊரான மோர்டனில், தெருவின் அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும்படி குங்குமம் வைப்பார்.

எங்கள் வகுப்பைப் பழைய தேவாலயம் ஒன்றுக்குக் கூட்டிப்போக ஆசிரியை பெற்றோரின் உதவி கேட்டார். முந்திக்கொண்டு சம்மதித்தவர் அம்மா.

“இண்டைக்கு மட்டும் பொட்டை அழியுங்கோ அம்மா,” என்று காலையில் கெஞ்சினேன்.

“சாறி வேண்டாமெண்டாய், கட்டேல்லை. இதை மட்டும் கேளாதை பிள்ளை.”

பொட்டோடு நின்றிருந்தால்கூடத் தப்பியிருப்பேன். தேவாலய வாசலில் அம்மா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவருக்குக் கோயில் என்றால் கோயில்தான். வகுப்பு முழுவதும் அவருடைய கம்பளிக் காலுறையைப் பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

உள்ளே ஆசிரியை பல நூறு வருடப் பழைய பாட்டொன்றை விளக்கினார். காதலன் மழையில் நனைந்தபடி கதவைத் தட்டுகிறான். உள்ளே இருப்பவள் திறக்கத் தயங்குகிறாள். பையன்கள் சிரித்தார்கள். அவன் காதலன் அல்ல, இயேசு. அவள் நம்முடைய ஆன்மா என்று ஆசிரியை சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. எங்களிடமும் இப்படிப் பாட்டு இருக்கிறது என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஆசிரியை சும்மா இருந்திருக்கலாம். பாடச் சொல்லிவிட்டார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வீட்டில் விளக்கேற்றும்போது பாடுகிற பாட்டுத்தான். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஏன் இன்னும் வரவில்லை என்று சிவனைக் கேட்கிற பாட்டு. பாதியில் குரல் உடைந்து அழத் தொடங்கினார், அத்தனை பேருக்கும் முன்னால், காலுறையோடு. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் வேறு யாருடைய அம்மாவாகவாவது இருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

ஏன் அழுகிறார் என்று பக்கத்திலிருந்த தோழி கேட்டாள். பாடத்தைக் கவனித்த பிள்ளையாக நான் பதில் சொன்னேன்.

“பாட்டில் வருகிறவர் புருஷன் இல்லை. கடவுள்.”

அப்பா ஊரில் நிற்கிறார், விசா சரிவந்ததும் வருவார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரில் போர் முடிந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பது எனக்குத் தெரியாது. இனியும் என்ன காத்திருப்பு, பொட்டை அழித்துவிடு என்று அப்பாவின் சொந்த அக்காவே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததும் தெரியாது. அன்று காலை நானும் அதைத்தான் கேட்டிருந்தேன்.