குடும்ப அட்டைக்கு நான்கு மூட்டை உப்பு

என் உம்மா விலை பேசாமல் காசு கொடுத்தது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான். அது மீன் மாமி. மற்ற எல்லாரும் உம்மாவிடம் பட்டவர்கள். பெருநாளைக்குத் துணி எடுக்கப் போனால், முதலாளி சொன்ன விலையில் பாதியைச் சொல்லிவிட்டு, அந்த மனுசன் நெஞ்சில் கை வைக்கும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார். கல்முனை பசாரில் எங்கள் தலை தெரிந்தவுடனேயே தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப்போன முதலாளிமாரை நான் கண்டிருக்கிறேன். அசருக்குப் பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கும்.

விலை பேசும்போது சொல்கிற பொய் பொய்யில் சேராது என்பது உம்மாவின் தீர்ப்பு. அடுத்த கடையில் இதைவிடக் குறைவாகத் தந்தார்கள் என்பார். அடுத்த கடைக்கு நாங்கள் போயே இருக்கமாட்டோம். நான் வாயைத் திறக்கப் போனால் கையில் கிள்ளு விழும். அப்படி விழுந்த கிள்ளுகளால் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் மீன் மாமி வந்தால் கதை வேறு. பாண்டிருப்புக் கடற்கரையிலிருந்து தலையில் மீன் நிறைந்த அலுமினியப் பேசினோடு எங்கள் ஒழுங்கைக்கு வருவார். உம்மாவை அவர் ராத்தா என்பார், உம்மா அவரைத் தங்கச்சி என்பார். மீன் மாமி அள்ளிச் சட்டியில் போடுவார், உம்மா காசைக் கையில் வைப்பார். அவர் எவ்வளவு போட்டார் என்று இவரும் பார்ப்பதில்லை, இவர் எவ்வளவு வைத்தார் என்று அவரும் பார்ப்பதில்லை. எனக்கு வயிறெரியும். எங்கள் உம்மாவை ஒருத்தி இப்படி ஏமாற்றுகிறாளே என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். உன் வேலையைப் பார், போய் ஓது என்று பதில் வந்தது.

என் தம்பி அவரை ‘மீனும்மா’ என்று கூப்பிடுவான். மாமி என்று சொல்லடா என்று எத்தனையோ தரம் திருத்திவிட்டேன். அவனுக்கு ஏறாது. பேசினில் இருக்கிற நல்ல மீன் ஒன்றை அவனுக்கென்று தனியாக எடுத்துக் கொடுப்பார், அதற்காகத்தான் பயல் சோப்புப் போடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த காலம் அது. கொழும்பு லொறிகள் எந்த நேரமும் வந்துபோகத் தொடங்கின. அம்பாறைக்குப் போகிற றோட்டில், வயல் ஓரத்தில் ஒரு பெரிய மண்டபம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணச் சாமான் குவித்து வைக்கக் கட்டியது. நிவாரணம் முடிந்து வௌவால் குடியிருந்த அந்த மண்டபத்தை வெளியூர் வியாபாரி ஒருவர் எடுத்து, வெள்ளை அடித்து, மொத்தக் கடை ஆக்கினார். சும்மா கடை இல்லை. அங்கத்தவர்களுக்கு மட்டும். வருசத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, படம் கொடுத்து, குடும்ப அட்டை எடுத்தவர்தான் உள்ளே போகலாம். அட்டையின் பின்பக்கத்தில் வீட்டாரின் பெயர்கள் இருக்கும். கிலோக் கணக்கில் எதுவும் கிடையாது. சீனி என்றால் மூட்டை, சவர்க்காரம் என்றால் பெட்டி. ஆனால் விலையைக் கேட்டால் பசார் முதலாளிமார் எல்லாரும் தௌபாச் செய்து பாவமன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவு மலிவு.

வாப்பா அப்போது சவூதியில் லொறி ஓடிக்கொண்டிருந்தார். மலிவாக வாங்குவதற்கு முதலில் காசு கட்ட வேண்டுமா என்று போனில் கேட்டார். உம்மா அவருக்கு நெடுநேரம் விளங்கப்படுத்தினார். கடைசியில் போன் காசு அட்டைக் காசைத் தாண்டிவிடும் என்று பயந்து வாப்பா சம்மதித்தார்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதனால் அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். உம்மாவின் அட்டை அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கும் அட்டைதான். ‘குடும்பத் தேவைக்கு மட்டும். பிறருக்கு வாங்கினால் அங்கத்துவம் ரத்து’ என்று அதில் அச்சடித்திருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த அக்கா எப்படிப் பிறர் ஆவார் என்று உம்மா கேட்டார். கேட்டது எங்களிடம்தான், கடைக்காரர்களிடம் இல்லை.

முதல் பயணத்தில் பெரியம்மா ஒரு பெரிய பொதி வாங்கினார். விலை மலிவு, பொதி பெரிது, தூக்கினால் பாரமே இல்லை, அதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. வீட்டில் வந்து பிரித்தால் அத்தனையும் டொய்லட் பேப்பர் சுருள். தண்ணீர் இல்லாமல் மலசலகூடத்துப் பக்கமே போகாத எங்கள் சனத்துக்கு அது எதற்கு? மலிஞ்சால் சந்தைக்கு வரும் என்று உம்மா சிரித்தார். பெரியம்மா விடுவாரா? அந்த வருசம் எங்கள் குர்ஆன் மதரசா விழாவுக்கு மேடை, வாசல், ஒலிபெருக்கிக் கம்பம் எல்லாம் வெள்ளை வெளேரென்று அவர் உபயத்தில் ஜோடனை. இடையில் மழை தூறி எல்லாம் கூழாகி, எங்களுக்கு ஓதித்தருகிற லெப்பையின் தொப்பியில் விழுந்தது தனிக்கதை. அப்படியும் அரைப்பொதி மிச்சம் இருந்தது.

ஒருநாள் காலை மீன் மாமி பேசின் இல்லாமல் வந்தார். வந்தவர் குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டார். கடலுக்குப் போக இருந்த தடையெல்லாம் நீங்கி, கரைவலையில் கீரிமீன் மலைபோல் விழுந்த கிழமை அது. மாமியும் கையில் இருந்ததில் உப்புக் காசு போக மீதியையெல்லாம் போட்டு ஒரு பெரும்பங்கை வாங்கி, கருவாடு போடலாம் என்று வாடியில் குவித்துவிட்டார். வாடி என்பது கடற்கரையில் மீன் காயப்போடுகிற கொட்டில். அங்கே போனபிறகுதான் உப்பு இல்லை என்று தெரிந்தது. ஊரில் எல்லாரும் அன்றைக்குக் கருவாடு போட்டதால், பாண்டிருப்பிலும் உப்பு இல்லை, கல்முனையிலும் இல்லை. இருந்த ஓரிரு கடைக்காரரும் தங்கம் விற்பதுபோல விற்றார்கள்.

“பொழுது சாயிறதுக்குள்ள உப்புப் படாட்டி அவ்வளவும் நாறிப் போயிரும் ராத்தா,” என்றார் மீன் மாமி. “தென்னைக்கு எருவாத்தான் தாக்கணும்.”

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பெரியம்மா வேலிக்கு அப்பால் இருந்து சொன்னார். உம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹபாயாவைப் போட்டு, அட்டையை எடுத்தார். பெரியப்பாவின் லேண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெசின், அதன் பெட்டியில் எல்லாரும் ஏறினோம். பெரியம்மாவும் ஏறினார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனால் எங்கள் வளவிலிருந்து ஒரு வாகனமும் அவர் இல்லாமல் புறப்பட்டதில்லை. லேண்ட்மாஸ்டர் போன வேகத்தில் றோட்டோரத்து மாடு ஒன்று எங்களோடு கொஞ்சத் தூரம் கூடவே நடந்து வந்தது. தம்பி கைதட்டிச் சிரித்தான். மீன் மாமி சிரிக்கவில்லை. வெயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குள் போனதும் உம்மா எங்கள் வீட்டுக்கு எதுவும் பார்க்கவில்லை. நேரே உப்பு அடுக்கியிருந்த மூலைக்குப் போய் நான்கு மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றச் சொன்னார். காசு கட்டுகிற இடத்தில் இருந்த பொடியன் மூட்டைகளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், எழும்பிப்போய் மனேஜரைக் கூட்டிவந்தான்.

மனேஜர் ஒலுவில் ஊர்ப் பக்கத்து ஆள். இளவயது. மெல்லிய தாடி. கோபமே வராத குரல். அப்படிப்பட்டவர்களிடம்தான் விலை பேசுவது கஷ்டம் என்று உம்மா சொல்வதுண்டு.

“ஒரு ஊட்டுக்கு நாலு மூட உப்பா ராத்தா?” என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கருவாடு போடுகிற ஆளும் இருக்கிறார் என்று சொல்லி உம்மா மீன் மாமியைக் காட்டினார். மனேஜர் மீன் மாமியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி, அதில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இவருடைய பெயர் இதில் இல்லை, வெளியாளுக்கு வாங்கினால் அட்டையைத் தான் எடுத்துவைக்க வேண்டிவரும், உப்பும் தர முடியாது, சட்டம் தன்னுடையதில்லை முதலாளியுடையது என்று மிகவும் பணிவாகச் சொன்னார்.

 அட்டை போனால் வாப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? பெரியம்மா பின்னால் நின்று உம்மாவின் ஹபாயாவை இழுத்தார். மீன் மாமியின் முகம் வாடிவிட்டது.

“வாணாம் ராத்தா. எனக்காக ஒங்கட அட்டை போகவா? நான் வேற இடத்துல பாக்கிறன்,” என்றார். வேறு இடம் எதுவும் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

உம்மா தம்பியைத் தூக்கி, காசு மேசைக்கு மேலே, மனேஜரின் முகத்துக்கு நேரே இருத்தினார்.

“இவன்ட பேர் அட்டையில இரிக்கா தம்பி?”

“ஓம், இரிக்கி.”

“இவன்ட உம்மா குடும்பமா, வெளியாளா?”

“உம்மா குடும்பம்தானே. அது நீங்கதானே ராத்தா.”

“நான் பெத்த உம்மா. இவ பால் குடுத்த உம்மா. மார்க்கத்துல என்னண்டு சொல்லியிரிக்கி, நீங்களே சொல்லுங்க.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. உம்மா பேசிய பேரங்கள் எத்தனையோ கண்டிருக்கிறேன். ஆனால் நின்ற நிலையில், கண் இமைக்காமல், மார்க்கத்தையும் சேர்த்து இப்படி ஒரு பொய்யை அவர் எடுத்து வீசியதில்லை. நல்லவேளை நான் வாயைத் திறக்கவில்லை. கிள்ளு விழாமலே மூடிக்கொண்டு நின்றேன்.

மனேஜர் அட்டையைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியது. சில வருசம் மதரசாவில் மார்க்கச் சட்டக் கிதாபு ஓதியவராம், அது பிறகுதான் தெரியவந்தது. முதலாளியின் சட்டத்தை மறந்து வேறொரு சட்டத்துக்குள் போய்விட்டார் மனுசன். பால்குடி உறவு உண்டாவதென்றால் ஒரு தரம் இரண்டு தரம் காணாது என்றார். நாங்கள் பின்பற்றுகிற ஷாபி மத்ஹபின் சட்டப்படி ஐந்து தரம், பிள்ளை வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும், இரண்டு வயதுக்குள் குடித்திருக்க வேண்டும் என்று விரல் மடித்தார். எங்களுக்குப் பின்னால் பருப்பு மூட்டையோடு நின்றவர்களும் காது கொடுத்தார்கள். ஒரு ஹாஜியார், ஓம் ஓம், ஐந்துதான் என்று சாட்சி சொன்னார்.

“அஞ்சு தரமா?” என்றார் உம்மா. கடல் ஊருக்குள் வந்த அன்று, என்னைப் பெரியம்மாவோடு வேறு பக்கம் அனுப்பிவிட்டு, கைக்குழந்தையோடு உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஓடியதையும், அங்கே காய்ச்சலில் கிடந்து தனக்குப் பால் வற்றிப்போனதையும், பிள்ளை அழுது அழுது குரல் அடைத்ததையும், அடுத்த பாயில் இருந்த இந்தத் தங்கச்சி எழும்பிவந்து பிள்ளையைத் தா என்று கையை நீட்டியதையும், விலை சொல்கிற அதே வேகத்தில் சொல்லி முடித்தார். “அந்தக் கேம்ப்ல இருந்த நாளெல்லாம் இவன்ட வயிறு நிறஞ்சது இவவாலதான் தம்பி. எண்ணிப் பாக்க எனக்கு அப்ப நெனவு இருக்கல்ல.”

மீன் மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனேஜர் தம்பியிடம் குனிந்து, மீன் மாமியைக் காட்டி, இவர் உனக்கு யார் என்று கேட்டார்.

“மீனும்மா,” என்றான் தம்பி.

அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். இந்தப் பயலை உம்மா எப்போது இவ்வளவு நன்றாகப் பழக்கினார் என்று நான் அதிசயித்தேன். மனேஜர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து உம்மாவிடம் நீட்டினார். மூட்டைகளை ஏற்றச் சொன்னார். தீர்ப்புச் சொன்ன சந்தோசத்தில், வழக்கமாகப் பேசாத மனுசன் ஒரு பகிடியும் விட்டார்.

“இவட பிள்ளைகளும் இனி இவனுக்குக் கூடப்பொறந்ததுகள். நாளைக்கு ஆளுக்காள் கலியாணம் பேசிராதீங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்தார். மீன் மாமி மெல்லப் புன்னகைத்தார். மேசையில் இருந்த தம்பியை, அவன் தூக்குகிற வயதைத் தாண்டிவிட்டான் என்று பார்க்காமல், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். உம்மா உப்புக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. மாமி முந்தானையில் முடிந்து வைத்திருந்து தந்த காசை அப்படியே கட்டிவிட்டு, நேரம் போகிறது, கெதியா வாங்க என்று எங்களை அதட்டினார்.

அன்று பின்னேரம் முழுக்க வாடியில் வேலை. மீன் மாமியின் புருசன் வெட்டிக்கொடுக்க, நாங்கள் எல்லாரும் உப்புத் தடவினோம். மீன் முள் குத்திய விரலில் உப்புப் பட்டால் உயிர் போகும். பெரியம்மா லேண்ட்மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பி, அந்த அரைப்பொதி டொய்லட் பேப்பரை எடுப்பித்து, எல்லாருடைய விரலுக்கும் சுற்றிவிட்டார். இதற்குத்தான் அன்றைக்கே வாங்கினேன் என்றும் சொன்னார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் கடைசிக் கூடை மீனும் உப்புக்குள் போய்விட்டது. மாமி எழும்பி இடுப்பை நிமிர்த்தி, இனிக் காணும், பிழைத்துவிட்டோம் என்றார். தம்பி அவர் மடியில் படுத்து, மீன் நாற்றம் எதுவும் தெரியாமல் உறங்கினான். அவனை எழுப்ப உம்மா அவசரப்படவில்லை.

திரும்பி வரும்போது நான் உம்மாவின் காதில், நல்லாப் பொய் சொன்னீங்க என்று மெச்சினேன். கிள்ளு விழும் என்று கையை ஒளித்துக்கொண்டுதான் சொன்னேன்.

“அதுல ஒரு சொல்லும் பொய் இல்ல மகள்,” என்றார் உம்மா.

நான் நம்பினேன். உம்மா விலை பேசாத நேரத்தில் பொய் சொல்லமாட்டார். நம்பியதும் எல்லாம் விளங்கிவிட்டதுபோல எனக்குப் பெரிய சந்தோசம். தம்பி ஏன் மீனும்மா என்கிறான் என்று விளங்கியது. நல்ல மீன் ஏன் அவனுக்குப் போகிறது என்று விளங்கியது. காசைப் பார்க்காமல் ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் விளங்கியது. இனி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று லேண்ட்மாஸ்டர் பெட்டியில் காலை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

மீன் மாமியின் வீட்டில் அவரும் புருசனும் ஒரு நாயும்தான். பிள்ளை குட்டி கிடையாது. எத்தனையோ தரம் போய்ச் சோறு தின்ற வீடு, எனக்குத் தெரியாதா? பிள்ளை இல்லாதவரிடம் அப்போது பால் எப்படி இருந்தது என்று மட்டும், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற எனக்கு, அன்றைக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.