‘டோன்ட் ஒர்ரி’யின் பூர்வீகம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவனுக்குத் தொண்டை போனாலும் ஆசை போகாது. சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா!

வகுப்பில் நாய்

அகராதியில் ‘ஒர்ரி’ என்ற சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கவலை என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதற்கு ஆதியில் கழுத்தை நெரிப்பது என்று பொருளாம்! பிறகு நாய் ஆட்டின் கழுத்தைக் கவ்வி உலுக்குவதையும் அப்படிச் சொன்னார்களாம். அந்தச் சொல் கவலையாகி மனசுக்குள் வந்து உட்கார்ந்தது வெகுகாலம் கழித்துத்தான். மேலப்பாளையம் வகுப்பில் நானே நாயாகித் தலையை உலுக்கி நடித்துக் காட்டினேன். பேட்டையில் பட்டறை வைத்துக்கொண்டு வகுப்புக்கும் வரும் முருகன் அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்: “ஆர்டர் தாரவன்ட்ட நான் குரைச்சா காட்ட முடியும், சார்?”

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து

அதே வகுப்பில் படிக்கும் சபீனா நர்ஸ். வீட்டில் அவளும் வாப்பாவும் மட்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வீடியோ நேர்காணல். ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டாயிற்று, இதையும் விட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். நான் நோயாளியாக பெஞ்சில் படுத்து ஒத்திகை நடத்தினேன். “ஆபரேஷனை நினைத்தால் பயமாக இருக்கிறது” என்றேன். “டோன்ட் ஒர்ரி” என்றாள். பிழைப்பேனா என்றேன். அதற்கும் அதுவே. “கழுத்தில் நாய் தொங்குகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?” என்று கத்திவிட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் விடவில்லை: “நீங்கதான சார் இதைச் சொல்லித் தந்தீய?”

கதவுக்கு வெளியே

நேர்காணலன்று அவள் செல்போனோடு வகுப்பறைக்கு உள்ளே. நான் கதவில் காதை வைத்தபடி வெளியே. கேள்வி கேட்ட அம்மாள் நோயாளியாக மாறி, நாளைக்கு ஆபரேஷன், பயமாக இருக்கிறது என்றார். இதோ வரப்போகிறது ‘டோன்ட் ஒர்ரி’. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் சபீனாவின் இங்கிலீஷ் நொண்டி நொண்டி வந்தது: “எந்த நினைப்பு உங்களைப் போட்டு உலுக்குகிறது? சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.” அந்த அம்மாள் நடிப்பை மறந்து தன் வீட்டுக் கதையையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்! எனக்கு வெளியே இருப்புக்கொள்ளவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. வகுப்பு முழுக்க அல்வா கொடுத்துக் கொண்டாடினோம். எல்லோரும் போன பிறகு சபீனா மட்டும் நின்றாள்: “வாப்பாட்ட இன்னும் சொல்லல சார். நான் போயிட்டா அவுகளுக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பா?”

இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஆட்களை விமானம் ஏற்றிவிடுவது மட்டும்தான் நம் தொழில் என்று நினைத்திருந்தேன், அவர்கள் வீட்டு மாத்திரை டப்பாவும் நம் தலையில்தான் விடிகிறது.