சித்தப்பா மறுத்த சொல்

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது சித்தப்பாவின் இலத்தீன் அகராதி. குருப்பட்டத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது குருமடத்திலிருந்து திரும்பிவிட்டவர் அவர். மஞ்சள் காமாலை என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். நாலு வருடமாகியும் அந்தக் காமாலை தீரவில்லை.

குடும்பத்தில் ஒருவரைக் குருவாக்குவதாக அப்பா மாதாவுக்கு நேர்ந்திருந்தார். சித்தப்பா வந்துவிட்டதால் அது என் தலையில் விழுந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் குருமட விடுதிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து பேசுவதாக ஏற்பாடு. எனக்குப் போகவே பிடிக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

சனிக்கிழமை அகராதியை உருவிப் பார்த்தேன். ஒரே ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"இது என்னா சித்தப்பா?"

"நெகோ. இல்லேன்னு மறுக்கிறது. கேட்டதைத் தர மாட்டேங்கிறதும் அதேதான். 'வரலன்னு சொன்னான்'னு இலத்தீன்ல எழுத மாட்டாங்க, 'வந்ததை மறுத்தான்'னுதான் எழுதுவாங்க. 'நான்'னு தனியா சேர்க்க வேணாம், அதுக்குள்ளயே இருக்கு. புக்க வைடா, உங்கம்மா தைக்கணும்."

கூச்சக்காரனுக்கு வசதியான சொல். அன்று முழுக்க வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து ஃபாதர் வந்தார். அம்மா காபி கொடுத்தாள்.

"என்னடா, சாமியாராப் போறியா?"

"நெகோ" என்றேன்.

டம்ளர் பாதி வழியில் நின்றது. "என்னது?"

"நெகோ, ஃபாதர்." இந்த முறை சத்தமாக.

அப்பா சித்தப்பா பக்கம் திரும்பினார். "நீ கத்துக் குடுத்தியாடா?"

ஆமாம் என்பார் என்று அவரையே பார்த்தேன். அவர் மெஷின் காலைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் கத்துக் குடுக்கலண்ணா."

"அப்ப யாருடா சொல்லச் சொன்னது?" என்று ஃபாதர் என்னைக் கேட்டார்.

"யாரும் இல்ல. நான்தான் போக மாட்டேன்."

நின்ற இடத்தைவிட்டு நான் நகரவில்லை.

"மாட்டேங்கிறவன கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்ண?" என்று ஃபாதர் எழுந்துகொண்டார்.

"அப்ப படிப்பும் கிடையாது" என்றார் அப்பா. ஜூன் மாதம் தாம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான்.

என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சித்தப்பாவோடு ஒரு மாதம் பேசவில்லை. அவர் ஆமாம் என்றிருந்தால், ஓடிவந்தவன் கெடுத்த பிள்ளை என்று சொல்லி, மறுநாளே என்னைப் பெட்டியோடு அனுப்பியிருப்பார்கள். அந்த மறுப்பு என்னுடையதாகவே நிற்கட்டும் என்றுதான் அவர் மறுத்தார் என்பது, பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.