நிலவுக்குப் புறப்பட்ட ஒரு சிட்டிகை

அப்பா இறந்தபோது கனடாவிலிருந்து வந்த அண்ணன், சுடலையில் எடுத்த சாம்பலில் ஒரு சிட்டிகையைத் தனியே மடித்து வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஒரு தனியார் கொம்பனி சந்திரனில் கலம் இறக்கப் போகிறதாம். இறந்தவர்களின் சாம்பலையும் அதில் ஏற்றுகிறார்களாம். வாழ்நாளெல்லாம் கப்பலில் ஓடிய மனிதருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று மிச்சச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம். வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அதை நான்தான் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ‘நிலவில் துயிலும் எங்கள் தந்தை’ என்று அச்சடித்தேன். கலம் அப்போது பூமியைவிட்டே கிளம்பவில்லை. ஊரில் எவருக்கும் கிடைக்காத பெருமையை ஆறப்போட எனக்கு மனமில்லை.

பெருமை தானாகவே ஆறியது. முதலில் இயந்திரத்தில் கோளாறு என்றார்கள். பிறகு ரொக்கெற் தயாராகவில்லை. அதன்பிறகு காலநிலை சரியில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணன் வட்ஸ்அப்பில் புதுத் திகதி அனுப்புவார், நானும் வெட்கமில்லாமல் அதை ஊருக்குச் சொல்வேன். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் என்னைக் கண்டால் விடமாட்டார்.

“என்ன தம்பி, ஐயா இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிக்கிறாரோ?”

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு நழுவுவேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டுத் திவசம் முடிந்தும் அம்மா கோயிலுக்குப் போகவில்லை. சொந்தத் தங்கையின் மகள் கலியாணத்துக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“அந்த மனுசன் இன்னும் முழுக்கப் போய்ச் சேரேல்லை. அரைவழியிலை நிக்கேக்கை நான் எப்பிடியடா கோயில் படி ஏறுறது?”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெங்காயம் உரித்தார். எனக்கு அந்தக் கல்வெட்டுகளையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும் போலிருந்தது.

ஒருவழியாகக் கலம் புறப்பட்டது. ஆனால் பாதி வழியில் இயந்திரம் நின்று, சந்திரனைத் தவறவிட்டு எங்கோ போய்விட்டது. இனி அதைப் பிடிக்க முடியாதாம். செய்தி எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது.

அண்ணன் அழைத்தார். “அம்மாவுக்கு இறங்கிட்டுது எண்டு சொல்லு. அவ என்ன இன்ரநெற்றே பாக்கப் போறா?”

சொன்னேன். “அம்மா, அப்பா போய்ச் சேர்ந்திட்டார்.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். முழுகிவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். சந்திக் கடையடியில் அம்மா நின்றார்.

“தம்பி, அவர் போய்ச் சேர்ந்திட்டாராம்,” என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் அம்மா. நானும் போனிலை பாத்தனான். நல்லாய் இறங்கினவர்.”

கடையில் நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து அந்த மனிதர் என்னைப் பகிடி பண்ணுவதில்லை. பண்ணினால் நன்றாயிருக்கும்.