நிறம் மாறாத குழாய்

ஒரு தொழுவம் நிறைய நோய் பரவட்டும் என்று நான் பொய்யான முடிவு எழுதினேன். கைதவறி அல்ல, அவசரத்திலும் அல்ல. ஆசைப்பட்டு எழுதினேன்.

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நோயுற்ற விலங்குகளின் சீழையும் சளியையும் வளர்த்து, எந்தப் பற்றீரியா என்று கண்டுபிடிப்பேன். நான் சொல்வதை நம்பித்தான் டொக்டர்மார் மருந்து கொடுப்பார்கள்.

என் தம்பி சேவியர், பேலியகொடைக்கு அப்பால் ரவீந்திரன் என்ற வியாபாரியின் தொழுவத்தில் குதிரைகளைப் பராமரித்தவன். அங்கே கறுப்பி என்றொரு பெண்குதிரை புதிதாக வந்திருந்தது. எதற்கெடுத்தாலும் மிரளும். ஒருவர் தனியாக அதனிடம் போகக்கூடாது என்று தம்பி எச்சரித்திருந்தான். சவாரிக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, ரவீந்திரன் அவனைத் தனியாகவே உள்ளே அனுப்பினார். குதிரை உதைத்தது. தம்பியின் தாடை நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் ரவீந்திரன் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்:

"தங்கச்சி, உங்கட தம்பி வெறியில நிண்டவன். பொலிசுக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன். நீங்களும் இதைப் பெரிசாக்காதீங்கோ."

சேவியர் சாராயத்தைத் தொட்டறியாதவன். மறுத்துப் பேச அவனுக்கு வாய்கூட இல்லை... தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்!

அந்தப் பேச்சு எங்களுக்கு முன்பே ஊருக்குள் போய்விட்டது. முகத்துவாரத்தில் அவனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தோம். அவளுடைய தகப்பன் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. "குடிகாரனுக்குப் பிள்ளையத் தர ஏலாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். கட்டிலில் கிடந்த தம்பிக்கு அது கேட்டது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த முதுகை நீங்கள் பார்த்திருந்தால்... என்னை வெறுப்பதற்குச் சற்று யோசிப்பீர்கள்.

தம்பி இப்போது மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறான். தாடை கோணலாகவே பொருந்திவிட்டது. நான் மட்டும் காத்திருந்தேன். எதற்கென்று தெரியாமலே காத்திருந்தேன்.

ஒரு நாள் அந்தத் தொழுவத்தின் பெயரோடு ஒரு மாதிரி வந்தது. காய்ச்சலோடு தொண்டை வீங்கிய ஒரு குதிரையின் சீழ். இரத்தம் கலந்த ஊட்டத்தட்டில் பற்றீரியா பளபளவென்று வளர்ந்து, தன்னைச் சுற்றித் தெளிந்த வளையம் போட்டிருந்தது. இப்படி வளர்வதில் இரண்டு வகை உண்டு. தட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்று சாதாரணமானது, குதிரையின் தொண்டையில் எப்போதும் குடியிருப்பது. மற்றது கொடியது. தண்ணீர்த் தொட்டி, வாளி, கை என்று எதிலும் தொற்றிக் குதிரைக்குக் குதிரை பரவும். கழுத்தில் கட்டிகளை எழுப்பி மூச்சையே அடைக்கும்.

இரண்டையும் பிரித்தறியக் கண்ணாடிக் குழாயில் ஒரு சர்க்கரைக் கரைசல் உண்டு. சாதாரண வகை அதைப் புளிக்கவைத்து ஊதா நிறத்தை மஞ்சளாக்கிவிடும். கொடியது மாற்றாது.

குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஊதா. இன்னொரு முறை செய்து பார்த்தேன். ஊதாவேதான்.

சாதாரண வகை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அன்றைக்கே அறிக்கையை அனுப்பினேன்... அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குதிரைகளைப் பார்க்கும் டொக்டர் தொலைபேசியில் கேட்டார்: "அப்ப மற்றக் குதிரையளைப் பிரிச்சு வைக்கத் தேவையில்லைதானே, மிஸ்?"

"தேவையில்லை, டொக்டர்."

இரண்டே சொற்கள்! அதன்பின் தொழுவத்தில் குதிரைகள் ஒவ்வொன்றாகக் காய்ச்சலில் விழுந்தன. இரண்டாவது மாதிரிகளை ரவீந்திரனே கொண்டுவந்தார். நான் முகக்கவசம் போட்டிருந்ததால் என்னை அவருக்குத் தெரியவில்லை. சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள். "கறுப்பி செத்திட்டுது, மிஸ். மூச்சு எடுக்க ஏலாமத் துடிச்சுச் செத்தது" என்றார்.

இனித்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவருடைய கண்ணீரைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். இன்னும் அழட்டும் என்றிருந்தது.

பிறகு அவர் சொன்னார்: "எல்லாம் அந்த முருகையாவால வந்தது. வாளியளக் கழுவாம ஒண்டில இருந்து ஒண்டுக்கு வைச்சிருக்கிறான். குடும்பத்தோட வெளியில அனுப்பிப்போட்டன். இனி ஒரு தொழுவத்திலயும் அவனுக்கு வேலை கிடைக்க விடமாட்டன்."

முருகையா... தம்பிக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவர். ஹட்டன் பக்கத்து ஆள். மனைவியோடும் பிள்ளைகளோடும் தொழுவத்துப் பின்னறையில் இருந்தவர். வாளியைப் பிரித்து வைக்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னவள் நான்.

அந்த நேரத்தில் வாய் திறந்திருக்கலாம். மாதிரிகளை வாங்கி வைத்துக்கொண்டு, "நாளண்டைக்கு முடிவு வரும்" என்றேன்.

இந்த முறை உண்மையை எழுதினேன். டொக்டர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. "முதல் மாதிரியில ரெண்டும் கலந்திருக்கும், மிஸ். உங்கட பிழையில்லை" என்று எனக்காக அவரே காரணம் கண்டுபிடித்தார்.

கறுப்பி செத்ததை வீட்டில் சொன்னேன். தம்பி மகிழ்வான் என்று நினைத்தேனா? தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான்.

"கஷ்டப்பட்டதோ, அக்கா?"

"இல்லை" என்றேன்.

"அதில பிழையில்லை. பயந்த குதிரை" என்றான். மேற்கொண்டு சாப்பிடவில்லை.

ரவீந்திரனுக்காக நான் இன்றும் வருந்தவில்லை. புதிய குதிரைகள் வாங்கிவிட்டாராம். கேட்டதும் வயிறு எரிந்தது. ஆனால் முருகையாவைத் தேடினேன். புறக்கோட்டையில் மூட்டை சுமப்பதாக ஒருவர் சொன்னார். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மூட்டைகளின் கீழே குனிந்திருந்த முதுகுகளில் எது அவருடையது என்று தெரியாமல் தெரு முனையிலேயே நின்றேன். யாரிடமாவது கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள்.

கேட்கவில்லை. பஸ் ஏறி வேலைக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும் டொக்டர்மார் என் கையொப்பத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார்கள்.