தங்கசாமி அண்ணாச்சி போர்டு மாட்டிய கதை

மும்பை தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டில் தங்கசாமி அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு அந்த வருஷம் மழை தொடங்கிய வாரமே போர்டு போயிற்று. காற்றில் பிய்த்துக்கொண்டு விழுந்த பழைய போர்டில் இருந்தது அவர் அப்பாவின் பெயர். புதுசில் 'அன்னத்தாய் ஸ்டோர்ஸ்' என்று போடுவதாக அண்ணாச்சி அன்றைக்கே மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து கல்லாவில் பாதி நேரம் உட்காருகிறவள் அன்னத்தாய்தான். ஆனால் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் அவள் பெயரை யாரும் அச்சடித்ததில்லை. "போடுங்க பாப்போம்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அண்ணாச்சி தட்டில் மீன் துண்டு கொஞ்சம் தாராளமாக விழுந்தது.

போர்டு அடிக்கிற செல்லப்பாண்டி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "எந்த ஃபாண்ட் வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டான். அண்ணாச்சி பேந்தப் பேந்த விழித்தார். ஒரு 'அ'வில் இத்தனை தினுசா! ஆள் நகருகிற வழியாக இல்லை என்று கண்ட செல்லப்பாண்டி, எழுத்துரு வடிவமைக்கிற யாரோ எழுதிய கட்டுரையின் லிங்கை அவர் போனுக்குத் தட்டிவிட்டு, "இதப் படிச்சிட்டு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றான். கடையை விட்டுக் கிளப்புவதற்குச் செய்த தந்திரம். பாவி, வினையை விலைக்கு வாங்கினான்.

அண்ணாச்சி படித்தார். ஒன்றை முடித்தால் அடியில் இன்னொன்று வந்தது. ஒருத்தர் ஒரே ஒரு வளைவைத் திருத்த வருஷக்கணக்கில் உட்கார்ந்தாராம். இன்னொருத்தர், எழுத்தைவிட எழுத்துகளுக்கு நடுவில் கிடக்கிற வெற்றிடம்தான் முக்கியம் என்கிறார். இங்கிலீஷ் இடறிய இடத்தில் போனைத் தமிழில் சொல்லச் சொன்னார். அந்தத் தமிழ் அதைவிட இடறவே, ரெண்டையும் கலந்து தானாக ஒரு பொருள் பண்ணிக்கொண்டார். துவரம்பருப்பு கேட்டு வந்தவர்களிடம் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பேரப் பாருங்க, எழுத்த நெருக்கி மூச்சுமுட்ட வச்சிருக்கான்" என்று புலம்பினார். தாதர் ஸ்டேஷனில் பெயர்ப் பலகையை ரசித்து நின்று ரயிலை விட்டார். மராத்தி எழுத்து கொடியில் காய்கிற துணி மாதிரித் தொங்குகிறது, நம் எழுத்தோ சம்மணம் போட்டு உட்காருகிறது, ரெண்டையும் ஒரே போர்டில் எப்படிக் குடிவைப்பது என்று மனுஷனுக்குத் தீராத கவலை.

விநாயகர் சதுர்த்திக்குக் கணபதி வந்தார், போனார். போர்டு வரவில்லை.

"எம் பேரப் போட ஒங்களுக்கு மனசில்ல. அதான் படிக்கீய" என்றாள் அன்னத்தாய்.

அண்ணாச்சி பதறிப்போனார். "ஏட்டி, ஒம் பேருங்கிறதாலதான இவ்வளவு பாக்கேன். கண்ட எழுத்துல போட முடியுமா?"

அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருக்கிறது?

எழுத்தைத் தூர நின்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையைச் சாத்தியதும், பெரிய வெள்ளைத் தாளில் மாதிரி எடுத்து ஷட்டரில் ஒட்டினார். மெல்லிசான நீல எழுத்தில் மேலே மராத்தி, கீழே தமிழ். சுற்றிலும் வெள்ளையோ வெள்ளை. 'ஸ்டோர்ஸ்' அழகைக் கெடுக்கிறது என்று அதையும் தூக்கிவிட்டார். எதிர்ப்பக்கம் நின்று கண்குளிரப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் கடை திறக்க வந்தால், வாசற்படியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைலோடு அவள் மாமியார். புதிதாகக் குடிவந்தவர்கள் போலிருக்கிறது.

"டாக்டர் கப் ஆயேகா?" என்று, டாக்டர் எப்போது வருவார் என மாமியார் இந்தியில் கேட்டாள்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷட்டரில் வெள்ளையும் நீலமுமாகப் பிரசவ ஆஸ்பத்திரி போர்டு மாதிரித் தன் பெயர் இருப்பதைப் பார்த்ததும் அன்னத்தாய்க்கு விளங்கிவிட்டது. தண்ணீர் கொடுத்து, நிஜமான ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அவர்களை அனுப்பினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"ஊருக்கே பிரசவம் பாக்கவ ஆக்கிட்டீய. எனக்கு அழகான எழுத்து வேண்டாங்க. இது எங் கடைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும்."

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. இவளை இத்தனை நாள் காக்க வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. போய்த் தாளைக் கிழித்தார்.

மறுநாள் அன்னத்தாயே செல்லப்பாண்டி கடைக்குப் போனாள். அண்ணாச்சி கூட வரக் கூடாது என்று கண்டிப்பு. அந்த வாரமே போர்டு ஏறியது. குண்டு குண்டாகச் சிவப்பு எழுத்து, மஞ்சள் விளிம்பு, பின்னால் கறுப்பு நிழல், மூலைக்கு மூலை ரோஜாப்பூ. 'ன்'னுக்கும் 'ன'வுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தலாம். 'த்' என்னடாவென்றால் 'தா'வின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

அன்னத்தாய் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். டெம்போக்கள் மறைத்தால் எக்கிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்ற புருஷனிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அண்ணாச்சியின் தொண்டையில் எத்தனை கட்டுரை முட்டிக்கொண்டு நின்றதோ, கடவுளுக்கே வெளிச்சம். அத்தனையையும் விழுங்கினார்.

"நல்லாருக்கு."

அவள் திரும்பி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "பொய்தான சொல்லுதீய?"

"ஆமா."

"சரி, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.